திரும்பக் கேட்ட சீர்

கல்யாணம் முடிந்த மறுநாள் கல்யாண வீட்டில் எறும்புக்குத்தான் கொண்டாட்டம். திருமுக்கூடலில் ராஜாராம் வீட்டிலும் அப்படித்தான். அடுப்படி, பந்தக்கால் ஓரம், சுருட்டி வைத்த பாயின் அடி, எங்கே பார்த்தாலும் சாரை சாரையாக எறும்பு. ஒரே மகள் சாரதாவைக் காலையில்தான் மாப்பிள்ளையோடு கூண்டு வண்டியில் ஏற்றி, தென்னேரிக்கு அனுப்பியிருந்தார்கள். அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டுத் துடைப்பத்தை எடுத்த சாரதாவின் அம்மா பவளத்தின் கண்ணில் ஒரு அதிசயம் பட்டது. அதிரசம் வைத்த டின் பக்கம் மட்டும் எறும்பு வரிசையே இல்லை.

முதலில் அவளுக்குப் பெருமைதான் வந்தது. டின் என்றால் அது டின். உத்திரமேரூர் கடைத்தெருவில் உரமும் பூச்சி மருந்தும் விற்கிற கிருஷ்ணசாமி கடையில் ராஜாராம் ஜோடியாக வாங்கி வந்தது. வெள்ளி மாதிரிப் பளபளவென்று பெயிண்ட், அழுத்தி மூடினால் காற்றுப் புகாத மூடி. பிஸ்கட் டின் என்று சொல்லித்தான் கிருஷ்ணசாமி விற்றான். பவளம் சும்மா விடவில்லை. சாம்பல் போட்டுத் தேய்த்து, புளி போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வைத்த பிறகுதான் அதிரசத்தை அடுக்கினாள். ஒரு டின் சீரோடு தென்னேரிக்குப் போய்விட்டது. இன்னொன்று ஊருக்குப் பங்கு வைப்பதற்காக வீட்டில் இருந்தது.

துடைப்பத்தைப் போட்டுக் குனிந்தபோதுதான் தெரிந்தது. எறும்பு வராமல் இல்லை. வந்திருக்கிறது. வந்த எறும்பெல்லாம் டின்னைச் சுற்றிக் கறுப்பு வளையமாகச் செத்துக் கிடந்தது.

பவளம் சட்டென்று உட்கார்ந்தாள். அரிவாள்மணையை இழுத்து டின்னின் வெள்ளிப் பூச்சைச் சுரண்டினாள். உள்ளே சிவப்பு. இன்னும் சுரண்டினாள். ஒரு மண்டையோடு அவளைப் பார்த்துப் பல்லை இளித்தது.

“யோவ்!” என்று அவள் போட்ட சத்தத்தில், கயிற்றுக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த ராஜாராம் கீழே விழாத குறை. “இதுலேர்ந்து அதிரசம் எடுத்துத் தின்னியா? மறைக்காம சொல்லு!”

பலகாரம் திருடுவதில் ராஜாராம் பேர்போனவர். எப்போதும் தின்றுவிட்டுத் தின்னவில்லை என்று சத்தியம் செய்வார். “இன்னாமே இது, உம்மேல சத்தியமா தின்னல. நீதான் ஊருக்குப் பங்கு வெக்காம தொடக்கூடாதுன்னியே” என்றார். அந்த மனிதர் உண்மையாகச் செய்த முதல் சத்தியம் அதுதான். மண்டையோட்டைக் காட்டியதும் அவர் முகம் சுண்டிப்போனது. போன போகத்தில் அதே மருந்தைத் தெளித்துவிட்டு வாந்தி எடுத்தவர் அவர்.

ஐ.ஆர். எட்டு நெல் வந்ததிலிருந்து வயலுக்கு மருந்து அடிக்காதவன் விவசாயியே இல்லை என்று ஆகிவிட்டது. மருந்து தீர்ந்த டின் என்ன ஆகிறது என்று யாராவது கேட்டார்களா? கிருஷ்ணசாமி கடைக்கு வருஷத்துக்கு ஒரு தடவை ஆபீசர் ஒருத்தர் வருவார். கலர் சோடா குடிப்பார், சுவரில் தொங்குகிற லைசென்சைப் பார்ப்பார், ஜீப்பில் ஏறிப் போய்விடுவார். கடையின் பின்கட்டிலிருந்து ஏன் பெயிண்ட் வாசனை வருகிறது என்று அவர் மூக்கு ஒரு நாளும் கேட்டதில்லை.

“வண்டி இந்நேரம் தென்னேரி போயிருக்கும். சாயங்காலம் தெருவுக்கே பங்கு வெப்பாங்களே! சைக்கிள எடுய்யா” என்றாள் பவளம்.

ராஜாராம் சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டார். “போய் இன்னான்னு கேப்பே? குட்த்த சீரத் திருப்பிக் குடுன்னா? யாருகிட்ட? அந்தச் சொக்கம்மாகிட்டயா?”

அதுதான் சங்கடம். மாப்பிள்ளையின் அம்மா சொக்கம்மாள் லேசுப்பட்டவள் இல்லை. அவள் வருகிறாள் என்றால் வாலாஜாபாத் சந்தையில் கத்திரிக்காய்க்காரன் தராசைத் துடைத்து வைப்பான். கல்யாணத்தில் வடையில் உப்பில்லை என்று சமையல்காரரைப் பந்திக்கே வரவழைத்தவள். அப்படிப்பட்டவளிடம் போய், எங்கள் வீட்டிலிருந்து விஷ டின்னில் சீர் அனுப்பிவிட்டோம் என்று சொன்னால் சாரதாவின் கதி என்ன? காலத்துக்கும் சொல்லிக் காட்ட மாட்டாளா? பெட்டியைத் தூக்கிக் கையில் கொடுத்து, உன் ஆத்தாவோடு போ என்று விட்டால்? பவளத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அழுதுகொண்டு நிற்க நேரமில்லை.

பாலாற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். மணலில் சைக்கிள் உருளுமா? ராஜாராம் அதைத் தோளில் தூக்கிக்கொண்டார். உச்சி வெயிலில் மணல் காலைப் பொசுக்க, முன்னால் பவளம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட, பின்னால் அவர் சைக்கிளைச் சுமந்துகொண்டு ஓட, அக்கரையில் மாடு மேய்த்தவர்கள் புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்றே நினைத்துவிட்டார்கள். “வுடு அண்ணே, போனாப் போவுது!” என்று ஒருத்தர் சமாதானம்கூடச் சொன்னார்.

பழையசீவரத்தில் தார் ரோட்டைப் பிடித்ததும் பவளம் கேரியரில் ஏறி உட்கார்ந்தாள். வாலாஜாபாத் தாண்டி, தென்னேரி ஏரிக்கரை ஏறுகிறவரைக்கும் அவள் வாய் ஓயவில்லை. “பெயிண்டைப் பாத்து மயங்கி வாங்கிக்கினு வந்தியே! மோந்து பாத்தியா?” என்பாள். “நீ தேய்ச்சியே, நீ மோந்து பாத்தியா?” என்று அவர் திருப்பிக் கேட்டதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வாள். பிறகு மறுபடியும் ஆரம்பிப்பாள்.

சொக்கம்மாள் வீட்டுக் கூடத்தில் தெருப் பெண்களெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மூடி திறந்த டின் பளபளத்தது. பவளம் ஒவ்வொருத்தி கையாகப் பார்த்தாள். ஆனால் யார் கையிலும் அதிரசம் இல்லை. தெருக்கோடி உண்ணாமலை இன்னும் வரவில்லையாம். கடைசி ஆள் வரைக்கும் வந்து சீரைப் பார்த்து வாயைப் பிளக்காமல் ஒருத்திக்கும் பங்கு கிடையாது என்று சொக்கம்மாள் சொல்லியிருந்தாள். அவளுடைய ஜம்பம் தெருவையே காப்பாற்றி வைத்திருந்தது.

“வாங்க சம்மந்தி! இன்னா இது, ஒரு நாள்கூடப் பொண்ணப் பிரிஞ்சி இருக்க முடிலியா?” என்று சொக்கம்மாள் சிரித்தாள். அந்த நேரம் பார்த்து உண்ணாமலையும் வந்து சேர்ந்தாள்.

பவளத்துக்கு வாயில் வந்தது பொய்தான். “அது ஒண்ணுமில்ல சம்மந்தி. அதிரசத்துல எண்ண சிக்கு அடிச்சிடுச்சி. அந்த டின்ன எடுத்துக்கினு போயி, வேற சுட்டு எடுத்தாரேன்.”

சொக்கம்மாளின் சிரிப்பு நின்றுபோனது. “குட்த்த சீரத் திருப்பி எடுத்துக்கினு போறதா? எந்த ஊரு வழக்கம் இது? தெரு ஜனமெல்லாம் குந்திக்கினு கீறாங்க, என் மானம் இன்னா ஆவறது? சிக்கு அடிக்குதா இல்லியான்னு எனக்குத் தெரியாதா? இருங்க, நானே ஒண்ணு தின்னு பாக்கறேன்.”

டின்னுக்குள் கையை விட்டு ஒரு அதிரசத்தை எடுத்து வாய்க்கருகே கொண்டுபோனாள். பவளம் யோசிக்கவே இல்லை. எட்டிப் பாய்ந்து பளாரென்று அந்தக் கையில் ஒரு அடி போட்டாள்.

அதிரசம் உருண்டு வாசலுக்குப் போனது. ஒரு பெட்டைக் கோழி அதைக் கவ்வ வர, ராஜாராம் கோழியை விரட்டிக்கொண்டு ஓடினார். வேறு நேரமாக இருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள். இப்போது எல்லோர் கண்ணும் பவளத்தின் மேல்தான் இருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்குள் நுழைந்து, மாப்பிள்ளையைப் பெற்றவள் கையில் அடித்த சம்பந்தியை யார் கண்டிருக்கிறார்கள்? அறை வாசலில் நின்ற சாரதா, “யம்மா...” என்றாள்.

“அது மருந்து டின்னு சம்மந்தி!” என்று பவளம் உடைந்து அழுதாள். “பயிருக்கு அடிக்கிற மருந்து! மேல பெயிண்ட் அடிச்சி எங்க தலையில கட்டிட்டான். எங்க வூட்டுல எறும்பெல்லாம் செத்துக் கெடக்குது. என்ன இன்னா வேணா பண்ணுங்க, எம் பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க.”

சொக்கம்மாள் அடிபட்ட கையைத் தடவியபடி எழுந்து உள்ளே போனாள். சாரதாவின் பெட்டி அந்த அறையில்தான் இருந்தது. பவளம் கண்ணை மூடிக்கொண்டாள்.

திரும்பி வந்தவள் கையில் பெட்டி இல்லை. இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக, அதே மாதிரி வெள்ளிப் பூச்சு மின்னுகிற ரெண்டு டின்.

“உப்பு ஒண்ணுல, புளி ஒண்ணுல” என்றாள். அவள் குரலே மாறியிருந்தது. “உத்ரமேரூருல அதே கிருஷ்ணசாமிகிட்டதான் வாங்கனேன். தை மாசத்துலேர்ந்து வயித்தக் கலக்கிக்கினு கீது. மருமவ வரப்போற பயம்னு நெனச்சேன்!”

கூடமே சிரித்துவிட்டது. ஆனால் உண்ணாமலை சிரிக்கவில்லை. “அய்யய்யோ, எங்க வூட்டுல நெய்யி கீதே!” என்று எழுந்து ஓடினாள். அவள் பின்னால் இன்னொருத்தி, அப்புறம் இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் சொக்கம்மாள் வீட்டு வாசலில் டின்னாக வந்து குவிந்தது. பருப்பு டின், மிளகாய்த்தூள் டின், பிள்ளைக்குச் சத்துமாவு வைத்த டின். பவளத்துக்கு அந்தச் சத்துமாவைப் பார்த்ததும்தான் கோபம் தலைக்கு ஏறியது.

மாப்பிள்ளை எத்திராஜ் ஒரு டின்னைச் சுரண்டி, பொடி எழுத்தை எழுத்துக்கூட்டிப் பவளத்துக்குப் படித்துக் காட்டினான். “காலி டின்ன ஓட்ட போட்டு மண்ணுல பொதைக்கணும்னு போட்டுக்கீது, அத்தே.”

“அதப் படிச்சிட்டுத்தான் மேல பெயிண்ட் அடிச்சிக்கீறான் பாவி” என்றாள் சொக்கம்மாள். டின்னில் இருந்த பண்டமெல்லாம் அன்றைக்கே குழியில் போனது. சீர் அதிரச டின்னை மட்டும் மூடி அவள் தனியாக வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை உத்திரமேரூர் பஸ்ஸில் ஏறியதெல்லாம் தென்னேரிப் பெண்கள்தான், கூடவே பவளமும் சாரதாவும். கிருஷ்ணசாமி கடை முன்னால் டின்களைக் கொட்டிய சத்தத்தில் கடைத்தெரு கூடிவிட்டது. “எல்லாம் நல்லா கழுவித்தாம்மா வித்தேன். ஒரு கெடுதலும் வராது” என்று கிருஷ்ணசாமி கையைப் பிசைந்தான்.

“அப்போ சரி” என்றாள் சொக்கம்மாள். அதிரச டின்னைக் கல்லா மேல் வைத்து மூடியைத் திறந்தாள். “எங்க சம்மந்தி வூட்டுப் பலகாரம். நெய்யி ஊத்திச் சுட்டது. ஒண்ணு எடுத்துக்க.”

கிருஷ்ணசாமி அதிரசத்தைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். கை மட்டும் முன்னால் வரவில்லை.

“எடுய்யா” என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். அவன் ஒரு அடி பின்னால் நகர்ந்தான். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்துப் பட்டறையிலிருந்து கடப்பாரை வந்தது. பின்கட்டில் பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்த டின் உட்பட அத்தனையையும் வெளியே எடுத்துப் போட்டு, கடைத்தெரு பார்க்க, கிருஷ்ணசாமி தன் கையாலேயே குத்திக் குத்தி ஓட்டை போட்டான். ஆபீசரின் ஜீப் ஒரு வாரம் கழித்து வந்தது. அன்றைக்கு அவருக்கு யாரும் கலர் வாங்கிக் கொடுக்கவில்லை.

ஓட்டை போட்ட அன்று சாயங்காலம் திரும்பும் பஸ்ஸில் நல்ல கூட்டம். சொக்கம்மாள் ஜன்னலோரம் சாரதாவை உட்காரவைத்து, அவளை ஒட்டித் தான் உட்கார்ந்து, பவளத்தையும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரிடம் வலதுகையை நீட்டினாள். காசு தருகிறாள் என்று அவர் பார்த்தால் கையில் ஒன்றுமில்லை.

“பாத்துக்க கண்டக்டரு. இவங்கதான் என் சம்மந்தி. எங்க வூட்டுக்கே வந்து, எங்க தெரு ஜனமெல்லாம் பாக்க, இந்தக் கையிலதான் அடிச்சாங்க.”

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பவளம் வெட்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

“எதுக்கும்மா அடிச்சாங்க?” என்றார் கண்டக்டர்.

“நான் செத்துடக் கூடாதுன்னு” என்றாள் சொக்கம்மாள்.