வேன் நிற்காத முக்கு

வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்தது நான்தான். கல்யாண மண்டபத்து வாசலில் நட வேண்டிய ‘வேன் நிறுத்தக் கூடாது’ பலகையை, வெம்பக்கோட்டை சாலையில் காலனி முக்கில் நட்டுவிட்டேன். ஊர்ப் போக்குவரத்தை நிர்வகிக்கும் திறனை வளர்ப்பதற்கென்றே நகராட்சி தொடங்கிய பிரிவு எங்களுடையது. அதன் பொறியாளர், எழுத்தர், காவலாளி எல்லாம் நானே. வளர்ந்த திறனை முதல் பலகையிலேயே ஊருக்குக் காட்டியாயிற்று.

மறுநாளிலிருந்து பட்டாசுக் கம்பெனி வேன் அங்கே நிற்கவில்லை. வேலைக்குப் போகும் காலனிப் பெண்கள் அடுத்த முக்குக்கு ஓடிப்போய் ஏறிக்கொண்டார்கள். கருப்பம்மாளால் மட்டும் ஓட முடியாது. போன சீசனில் கம்பெனி தீப்பிடித்தபோது வெந்த கால். அவள் நொண்டிப் போய்ச் சேர்வதற்குள் வேன் கிளம்பிவிடும்.

அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். “அந்தத் தகரத்தைப் பிடுங்கிப் போடுங்க சார். இந்த வாரமும் போகலேன்னா வேலையவிட்டு எடுத்துருவாக.”

“பிடுங்கிரலாம்மா” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

மேலதிகாரி சபரிநாதன் சிரித்தார். “நடுறதுக்குத்தான்யா நமக்கு அதிகாரம். பிடுங்கணும்னா கமிட்டி கூடணும். கமிட்டிக்குப் பயிற்சி எடுத்த ஆளு வேணும்.”

“யாரு சார் அது?”

“நீதான்யா. பயிற்சி தை மாசம்.”

தைக்குள் தீபாவளியே முடிந்துவிடும். மறுநாள் விடிகாலையில் கடப்பாரையோடு நானே போனேன். நான் செய்த வேலையில் உருப்படியானது அந்தப் பலகைக்குப் போட்ட கான்கிரீட் மட்டும்தான். கை கொப்பளித்த பிறகுதான் பெயர்ந்தது. கருப்பம்மாள் தூக்குவாளியோடு ரோட்டோரம் நின்றாள். வேன் வந்தது. கை காட்டினாள். நிற்காமல் போனது.

அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு துரத்தினேன். அடுத்த முக்கில் வேன் ஆளேற்றிக்கொண்டிருந்தது. டிரைவர் சங்கிலிமுத்து என்னைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான்.

“ஏம்ப்பா, பலகையத்தான் எடுத்தாச்சே?”

“பிரேக்கு சரியில்ல சார்.”

“இங்கன மட்டும் பிடிக்குதோ?”

உள்ளே ஒருத்தியும் சிரிக்கவில்லை. எல்லாரும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கருப்பம்மாள் பைக்கிலிருந்து இறங்கி, படியில் கை வைத்தாள்.

“ஏறாதீக அக்கா” என்றான். பிறகு என்னிடம் திரும்பினான். “காலு வெந்ததுக்கு அக்கா கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்துட்டாகள்ல. ஏத்தாதேன்னு கம்பெனில அந்தப் பலகைக்கு மொத நாளே சொல்லிட்டாக சார். நீங்க கம்பெனி வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டாலும் உள்ள விட மாட்டாக. மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிக்கிட்டு இருந்தேன். நல்லவேளை, நீங்க பலகை நட்டீக.”