மேற்கு வேர்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. முப்பத்து நான்கு வருஷம் மிஷன் பள்ளி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தேன். தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பினால் ஒரு ஜெபம் சொல்லிவிட்டுத்தான் போவேன். அப்படிப்பட்டவன் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, ரோட்டோரமாக, மூன்று பேர் கைகோத்தாலும் பிடிபடாத இலுப்பை மரம் ஒன்று நின்றால் என்ன ஆகும்?

போன வருஷக் கோடைக் காற்றில் அடுத்த தெருச் செம்மயில்கொன்றை மரம் வேரோடு சாய்ந்து ஒரு காரை அப்பளமாக நொறுக்கியது. அது நட்டுப் பத்து வருஷம்தான் இருக்கும். வேர் முழங்கால் ஆழம்கூடப் போகவில்லை. இலுப்பை அப்படியல்ல, கீழக்குயில்குடி ரோட்டில் வீடுகள் வருவதற்கு முன்பே நின்ற மரம், எத்தனையோ காற்றைத் தாங்கியது என்று தெருவே சொன்னது. என் காதில் ஏறவில்லை. இலை சலசலத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

வெட்ட அனுமதி கேட்டு எழுதிப் போட்டேன். வந்து பார்த்த அதிகாரி, "பச்சை மரத்துக்குக் குடுக்க முடியாது சார். பட்டுப்போனா பாக்கலாம்" என்றார்.

அது போதுமே எனக்கு. பெருங்காயம் வைத்தால் எந்த மரமும் பட்டுவிடும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். என் தோட்டத்துக்குள் ஓடிய வேர்களில் துளை போட்டு, கட்டிப் பெருங்காயத்தைத் திணித்து, களிமண்ணால் அடைத்தேன். இரண்டு மாதம் மரம் அசைந்து கொடுக்கவில்லை. பிறகு கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றத் தொடங்கினேன். மனைவி டயானா ஜெபக்கூட்டத்துக்குப் போகும் நாளாகப் பார்த்துத்தான் ஊற்றுவேன்.

முதலில் கவனித்தது அன்னக்கொடி. மரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவள். ரோட்டுக்கு அந்தப் பக்கம், மரத்துக்கு நேர் எதிரே, சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறையில் தனியாக இருக்கிறாள்.

"என்ன சார், பங்குனியில துளிரு விட வேண்டிய மரம் மொட்டையா நிக்கிது? பெருங்காய வாடை வேற அடிக்குது."

"டயானா ரசம் வச்சிருப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

மே மாதம் ஒரு மத்தியானம், மேற்கே மலைப் பக்கமிருந்து புழுதியோடு காற்று கிளம்பியது. வெளியில் காயப்போட்ட வற்றலை எடுக்க ஓடிய டயானா, பெரிய பெரிய தூறல் விழவும் மரத்தடிக்குப் போய்விட்டாள். அன்னக்கொடியும் வண்டியைத் தூரோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு நின்றாள். இலை போன பிறகும், இந்தத் தெருவில் மழை வந்தால் எல்லாரும் அங்கேதான் ஒதுங்குவார்கள்.

"டயானா, வீட்டுக்குள்ள வா" என்று ஜன்னலிலிருந்து கத்தினேன்.

"மழை விடட்டுங்க. இங்க தூரு மறைவுல சாரல் அடிக்கல" என்றாள்.

மரத்துக்குள் ஏதோ முறிந்தது. பாறையில் உளி விழுந்த மாதிரி ஒரே ஒரு சத்தம். அது என்ன என்று அந்தத் தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆண்டவரே என்று முனகிக்கொண்டு எப்படியோ வெளியே ஓடினேன்.

"மரம் செத்துப்போச்சு. ஆசிட் ஊத்துனேன். நான்தான் ஊத்துனேன். வாங்க வெளிய."

இருவரும் என்னை வெறித்துப் பார்த்தார்கள். பிறகு டயானா அன்னக்கொடியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அவர்கள் படியேறுவதற்குள் மேல்கொப்பு ஒன்று இறங்கி இஸ்திரி வண்டியைப் பிளந்தது. நெருப்புக் கரி மழையில் விழுந்து சீறியது.

மறுநாள் அனுமதி உடனே கிடைத்துவிட்டது. ஆனால் கிரேன் வந்து, மின்கம்பிகளையும் தெருவின் குறுகலையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. மரம் வெட்டும் வீரணனை வரவழைத்து, தோட்டத்தில் ஆசிட் ஊற்றிய துளைகளைக் காட்டினேன். அவர் தூரைச் சுற்றி வந்து, கோடாரிக் காம்பால் தட்டிப் பார்த்து, கயிற்றைச் சுருட்டினார்.

"பச்சை மரம்னா உச்சி வரைக்கும் ஏறுவேன் சார். செத்த மரத்துல ஏற மாட்டோம். மிதிச்சா எந்தக் கொப்பு போகும்னு சொல்ல முடியாது. அடியில வெட்டவும் இடம் இல்ல."

"அப்ப என்ன செய்யிறது?"

"தானா விழட்டும்னு விட வேண்டியதுதான்."

"எந்தப் பக்கம் விழும்?"

"காத்து மேக்க இருந்து வருது. இம்புட்டுப் பெரிய மரத்த மேக்கு வேருதான் இழுத்துப் பிடிச்சிருக்கும். அது உங்க தோட்டத்துல இருந்துச்சு. அதத்தான் நீங்க முடிச்சுட்டீங்க. உங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது சார். கிழக்காமதான் விழும்."

கிழக்கே அன்னக்கொடி தன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. இருந்தாலும் ரோட்டைத் தாண்டிப் போனேன்.

"அன்னக்கொடி, மரம் விழுற வரைக்கும் எங்க வீட்டுல வந்து இரு. மாடி ரூம் சும்மாதான் கிடக்கு."

அவள் மரத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்புட்டு நாளும் எங்கூடச் சிரிச்சுப் பேசிக்கிட்டேதான சார் ஊத்துனீங்க? உங்க வீட்டுல எப்படி சார் நான் கண்ண மூடுவேன்?"

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. மேற்கே மலைக்கு மேல் மறுபடியும் இருட்டிக்கொண்டு வந்தது. நான் அவள் கதவைத் தட்டிக்கொண்டே நின்றேன்.