எட்டில் ஒரு பங்கு

பேக்கிங் பார்க்கும் மாரியம்மாள் கோப்பையைப் பெட்டிக்குள் இறக்கி, காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தாள். கடகடவென்று சத்தம் வந்தது.

"இன்னாக்கா இது, சின்னப் பொண்ணுக்குப் பெரியவ பாவாடையக் கட்டிவுட்ட மாதிரி இருக்குது?"

பூங்கோதைக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டியை வாங்கிப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் அவளே வரைந்து, வெட்டி ஒட்டிய மாதிரிப் பெட்டி அது. கோப்பை காலையில் சூளையிலிருந்து இறங்கிய புது ரகம். கோப்பையை ஒரு பக்கம் ஒதுக்கினால் மறுபக்கம் ஒரு விரல் போனது.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் அவளுக்கு டிராயிங்கம்மா என்று பெயர். எந்தப் புதுக் கோப்பையும் பொம்மையும் முதலில் அவள் பென்சிலில் பிறந்துதான் அச்சுக்குப் போகும். அச்சில் வார்த்த மண் சூளைக்குள் போய் வந்தால் எட்டில் ஒரு பங்கு சுருங்கிவிடும். அதனால் எதையும் அந்த அளவு பெரிதாகவே வரைவாள். வரைந்து வரைந்து கையே அப்படிப் பழகிவிட்டது. அவள் வார்க்கும் தோசைகூடக் கல்லைத் தாண்டும் என்பான் புருஷன் கோவிந்தராசு.

போன தீபாவளிக்குப் பிறகு முதலாளி பாலகிருஷ்ணன் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்து மஞ்சள் குங்குமமும் வைத்தார். சென்னைக் கடைக்காரர்கள் அச்சடித்த பெட்டியில்தான் சரக்கு கேட்கிறார்களாம். "கத்துக்கிட்டா நீ பாரும்மா. இல்லன்னா பாண்டியில ஒரு பையன் இருக்கான், அவன வச்சுக்கறேன். நீ பெயிண்டிங்குக்குப் போயிடு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. நாற்பதைத் தாண்டியவள், ஜங்ஷன் ரோட்டில் கனகா நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் காலேஜ் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்தாள். மவுஸ் மேசை விளிம்பைத் தாண்டி ஓடியது. பென்சிலில் ஒரே இழுப்பில் வரும் வளைவு அங்கே கோணல்மாணலாக வந்தது. ஒரு நாள் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஆத்திரத்தில் அழுதாள். வேலை போய்விடுமே என்ற பயம்தான் மறுநாளும் அவளைப் போகவைத்தது. ஆனால் எத்தனை நாளைக்குப் பயம் இழுத்துக்கொண்டு போகும்? ஒரு சாயங்காலம் கோட்டின் நடுவில் ஒரு புள்ளியைப் பிடித்து இழுத்தாள். கட்டைவிரலுக்குப் பச்சை மண் வளைகிற மாதிரி அந்தக் கோடு வளைந்து கொடுத்தது. கனகா விளக்கை அணைக்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

இந்தப் பெட்டிதான் அவளுடைய முதல் வேலை. கனகா ஃபேக்டரிக்கே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அப்போது கோப்பை சூளைக்கே போகவில்லை. பூங்கோதை கையிலிருந்த கோப்பைப் படத்தைச் சுற்றிப் பெட்டியைப் போட்டாள். அந்தப் படம் சுடாத பச்சை மண் அளவு. அட்டை எந்தச் சூளையில் போய்ச் சுருங்கப்போகிறது? பழக்கம் போகுமா! பெட்டிப் படம் பதிந்த பிளாப்பியை எடுத்துக்கொண்டுதான் முதலாளி விடியற்காலை பஸ்ஸில் பாண்டி அச்சகத்துக்குப் போயிருந்தார்.

"வைக்கோலக் கொஞ்சம் கூட அடைச்சா ஆடாதுக்கா. யாரு பாக்கப் போறாங்க?" என்றாள் மாரியம்மாள்.

யாரும் பார்க்கமாட்டார்கள்தான். சொன்னால் பெயிண்டிங்குக்குப் போக வேண்டியதுதான். சொல்லாவிட்டால் அச்சாகி வரும் ஒவ்வொரு பெட்டியும் தன்னைப் பார்த்துக் கடகடக்கும் என்று தோன்றியது. ஃபேக்டரி போனுக்கு முதலாளி பூட்டுப் போட்டிருந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு எதிரே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ப் பாண்டி அச்சகத்துக்குப் போன் போட்டு முதலாளியைக் கூப்பிடச் சொன்னாள்.

"சார், அச்சடிக்கப் பிளேட்டு போட்டுட்டாங்களா?"

"சாயங்காலம்தான். ஏன்?"

"போட வேணாங்க. பொட்டி அளவு தப்பு. பச்ச அளவுல போட்டுட்டேன்."

முதலாளி அங்கே யாரிடமோ பிளேட்டை நிறுத்தச் சொல்வது போனில் கேட்டது.

"சரி வுடும்மா. அந்தப் பையன் இங்கதான் இருக்கான். அவன் சரி பண்ணிடுவான்."

"வேணாங்க சார். நானே திருத்தி எடுத்தாறேன்."

"கனகா ஸ்ரீமுஷ்ணத்துக்குக் காதுகுத்துக்குப் போயிருக்குதுன்னியே. தனியா வருமா உனக்கு?"

"வரும் சார்."

சொல்லிவிட்டாளே தவிர, கனகா பக்கத்தில் இல்லாமல் அந்த மிஷினை அவள் தொட்டதே கிடையாது. கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். எல்லாக் கோடுகளையும் சேர்த்துப் பிடித்தாள். நூறு என்றிருந்த இடத்தில் எண்பத்தேழரை என்று அடித்துத் தட்டினாள். கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் சுருங்கி நின்றது. ஒரு ராத்திரியும் ஒரு பகலும் சூளை எரிந்து செய்கிற காரியம். அவளுக்கு அந்த மிஷின்மேல் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. காகிதத்தில் எடுத்து, அட்டையில் ஒட்டி, வெட்டி மடித்துக் கோப்பையை உள்ளே விட்டாள். மாரியம்மாள் காதோரம் வைத்து ஆட்டினாள். சத்தம் வரவில்லை. "இப்பதான்க்கா இது அவளோட பாவாடை" என்றாள்.

பாண்டி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. திருத்தியது பிளாப்பியில் சரியாக ஏறியதா, அங்கே போனால் திறக்குமா, ஒன்றும் தெரியாது. திறக்காவிட்டால் அந்தப் பையன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வான். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் அவள் மடியைப் பார்த்தார்.

"இன்னாம்மா, சாமி பிரசாதமா? இப்படி ஏந்திக்கினு வர்றே."

அப்போதுதான் அவளும் குனிந்து பார்த்தாள். சூளைக்குப் போகாத கோப்பையை விளிம்பில் விரல் படாமல் அடியில் ஏந்துவது போல, இரண்டு உள்ளங்கையிலும் பிளாப்பியை வைத்திருந்தாள். நெய்வேலிப் பக்கம் பஸ் பள்ளத்தில் இறங்கியபோது கைகள் தாமாகவே கொஞ்சம் மேலே எழும்பின. அளவு காட்டக் கொண்டுவந்த சுட்ட கோப்பை காலடியில் பைக்குள் உருண்டுகொண்டு வந்தது.