சாவுக் காட்சி

மெங் தோசன் என்ற ஓவியர், செத்து நூற்றைம்பது வருடங்கள் கழித்து, ஜோன்ஜு நகருக்கு வெளியே தன் வாழ்க்கையைப் படமெடுத்துக்கொண்டிருந்தவர்களோடு மதியச் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்தார். முள்ளங்கி கிம்ச்சி ஊறுகாய் இன்னும் புளிக்கவில்லை என்று குறையும் சொன்னார். அவர் இப்படி வந்து சேர்ந்தது டைரக்டர் பியோ மான்சுவின் தவறு. படப்பிடிப்புக்கு முன் வேகவைத்த பன்றித் தலையைப் படைத்துக் கும்பிடுவது அங்கே எல்லாரும் செய்வதுதான். பியோ பக்தி முற்றிப்போய், பன்றித் தலைக்குப் பின்னால் ஓவியரின் பெயரெழுதிய தாளையும் நிறுத்தி, அரிசிக் கள் ஊற்றி, திதி கொடுப்பதுபோல இரண்டு முறை விழுந்து கும்பிட்டார். கடைசியில் தாளை எரித்து ஆளை வழியனுப்ப மறந்துவிட்டார்.

யூனிட்டில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. ஒரு கிண்ணம் கூடுதலாக வைத்தார்கள். சிக்கல் சாவுக் காட்சியில்தான் வந்தது. மெங் எப்படிச் செத்தார் என்று எங்கேயும் எழுதிவைக்கப்படவில்லை. ஆகவே, தன்னைப் பிரம்பால் அடிக்கவைத்த பிரபுவின் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டு அழுதபடியே அவர் சாவதாக பியோ எழுதியிருந்தார். பாதி வாழ்நாள் பியோ மனதுக்குள் ஓட்டிப் பார்த்த படம்; அந்த ஒரு காட்சிதான் பாக்கி. கேமரா ஓடத் தொடங்கியதும் மெங் எழுந்து வந்து, தன் வேடத்தில் பிரபுவின் காலடியில் கிடந்த நடிகர் தாக் இன்ஹோவைக் குடுமியைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்தார். எத்தனை முறை எடுத்தாலும் அப்படியே.

"என்னால சாக முடியல சார்," என்றார் தாக். "ஒட்டுக் குடுமி வேற அவர் கையோட போயிடுச்சு."

"தாளைக் கொளுத்திடுங்க சார், ஆள் கிளம்பிடுவார். சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாம்," என்றாள் உதவி டைரக்டர் குக் யோன்ஜு.

பியோ தீப்பெட்டியை எடுத்தார். மெங் அதைப் பார்த்துக்கொண்டே, கள் ஊற்றச் சொல்லிக் கிண்ணத்தை நீட்டினார்.

"அந்தாளு மூக்கையே வேணும்னு கோணலா வரைஞ்சு அடி வாங்கினவன்யா நான். அவன் கால்ல போய் விழுவேனா? நான் செத்தத நீ பாத்தியா?"

"இல்லீங்க ஐயா. எப்படித்தான் செத்தீங்க?"

மெங் தானே கள்ளை ஊற்றிக்கொண்டார். "குடிச்சிட்டு உக்காந்திருந்தேன். பனி பெஞ்சுது. தேடிக்கிட்டு ஒருத்தனும் வரல. அப்புறம் நீதான் கூப்பிட்ட."

பியோ தீப்பெட்டியைக் கீழே வைத்தார். தாளை மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, கேமராவை ஓடவிட்டார். ஆகஸ்ட் மாதம், கொளுத்தும் வெயில். மெங் உட்கார்ந்து குடித்தார். அவர் தலைக்கு மேல் மட்டும் பனி பெய்தது. ஒட்டுக் குடுமி இல்லாத தாக் ஓரமாக நின்று, விசிறிக்கொண்டே பார்த்தார்.

படம் இன்னும் ஜோன்ஜுவில் ஓடுகிறது. கடைசி வரிசையில் ஒரு இருக்கைக்கு டிக்கெட் கொடுப்பதில்லை. காட்சி முடிந்ததும் பெருக்குகிற பெண், சோளப்பொரியோடு அங்கே குவிந்திருக்கும் பனியையும் சேர்த்து வாரிக் கொட்டிவிட்டு, அடுத்த காட்சிக்குக் கதவைத் திறக்கிறாள்.