மூன்றாம் துடுப்பின் நடுக்கம்

...இல்லை, என் கண்தானா, ஒன்றும் இரண்டும் நான்கும் சமர்த்தாக நிற்க, மூன்றாம் துடுப்பு மட்டும் பனியில் நனைந்த ஆட்டுக்குட்டி மாதிரி... அக்மரால் விரலை வைத்தாள், நின்றது, எடுத்தாள், மறுபடி. ராக்கெட்டைத் திருப்புவது இந்த நான்கு துடுப்புகள், துடுப்பைத் திருப்புவது உள்ளங்கையளவு மோட்டார், நடுவில் பல்சக்கரங்கள், பல்லுக்கும் பல்லுக்கும் இடைவெளி மயிரளவு கூடினால் போதும், நடு எங்கே என்று தெரியாமல் மோட்டார் இப்படித்தான் அங்குமிங்கும் தேடும். வெங்காயத்தோல் கனத் தகடுகள் வைத்து அந்த இடைவெளியை அடைத்தது யார், சோதனைத் தாளில் பெயர் இருக்கிறது, படிக்கவே வேண்டாம், இருபத்திரண்டு வருஷமாக அவளோடு படுத்து எழும் பெயர், ஒராஸ்பெக். பெயருக்கு எதிரே ஒரு கட்டம், நடுக்கம் எவ்வளவு என்று அளந்து எழுத வேண்டியவள் அவள். உள்ளதை எழுதினால் தகடு வைத்த கையைப் பார்க்க டாக்டர்கள் வருவார்கள், அந்தக் கையோ சில மாதமாகச் சும்மா இருக்கும்போதெல்லாம்... அப்புறம் அவருக்கு அந்த மேசை ஏது, வாசல் காவல்தான். எழுதாவிட்டால்? எழுதாவிட்டால் இது பறக்கும். சக்கரமே மட்டமாக வந்திருக்கலாமே, கையென்று ஏன் முடிவு கட்டினேன், கட்டிய பெண்டாட்டிக்கு இவ்வளவுதானா நம்பிக்கை...

துணை அமைச்சர் வந்துவிட்டார். வரவேற்பில் பெண்கள் தூவிய மிட்டாயில் ஒன்று காலரில் தங்கியிருந்தது, மரியாதைக்குப் போர்த்திவிட்ட சபான் என்ற சரிகை நீளங்கியைக் கழற்றச் சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை, தூசி ஆகாத அறையாயிற்றே, ஆகவே அதன் மேலேயே வெள்ளை அங்கியை ஏற்றியிருந்தார்கள், மெத்தைக்கு உறை போட்டாற்போல. ஆலை டைரக்டர் மூன்றாம் துடுப்பைப் பார்த்தார், அவள் காதருகே குனிந்தார். "எடைய மாட்டும்மா. அவர் போனப்புறம் பாத்துக்கலாம்." துடுப்பின் நுனியில் மாட்டினாள். சுமை ஏறினால் பல் ஒருபக்கமாக அழுந்திவிடும், இடைவெளி இருந்த இடம் தெரியாது, துடுப்பு நின்றது. நம் தேசத்தைப் போலவே அசையாமல் நிற்கிறது என்றார் டைரக்டர், தேசத்தில் எதைத் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

தொழிலாளர் வரிசையில் ஒராஸ்பெக், வலக்கை சட்டைப்பையில், ஐயோ வெளியே எடுக்காதீர்களேன்... எடுத்தார். அமைச்சர் அதைப் பிடித்துக் குலுக்கினார், விடாமல் புகைப்படக்காரரின் பக்கம் திரும்பினார். "இந்தக் கைய பாருங்கய்யா. இரும்பு. நமக்கென்ன கவலை." கைதட்டல். பிடித்திருக்கிறவரை இரும்புதான், விட்டதும்... விட்ட கணத்தில் அவள் போய்ப் பற்றிக்கொண்டாள், அங்கிகளின் மறைவில்.

"கைய விடு, சிரிப்பாங்க," என்றார் ஒராஸ்பெக், உதடு அசையாமல்.

விடவில்லை. வெதுவெதுப்பாக, அடங்கி, கோழிக்குஞ்சு மாதிரி கிடந்தது. கல்யாணமான புதிதில்கூட இரண்டு பேரும் கை கோத்து நடந்ததில்லை, இப்போது சந்தையில், பேருந்தில், விருந்துகளில் மேசைக்கடியில்கூட, வயசான காலத்தில் இதென்ன காதல் என்று மகள் கேலி செய்தாள், நானும் அப்படித்தான் நினைத்தேன், காதல்தான், இல்லையென்று யார் சொன்னது... ஆனால் இந்தக் கை எவ்வளவு நடுங்குகிறதென்று நான் ஒருநாளும் பார்த்ததில்லையே, எப்படிப் பார்ப்பேன், பிடித்துக்கொண்டே இருந்தால். கூட்டம் அடுத்த அறைக்கு நகர்ந்தது. விட்டுத்தான் பார்ப்போமென்று அவள் தன் விரல்களைத் தளர்த்தப் பார்த்தாள். கட்டைவிரல் மட்டும் வந்தது.