முதுகில் சொன்ன சத்தியம்

கொழும்பிலிருந்து வந்த ஜீப் கலஹா டவுனைத் தாண்டித் தோட்டப் பாதையில் ஏறும்போதே ஹென்றி சேர் தீர்ப்பை எழுதி முடித்திருந்தார். இனி விசாரணைதான் பாக்கி.

"முப்பது பக்கம்," என்று மடியிலிருந்த ஃபைலைத் தட்டினார். "இன்னைக்கு ஒரே ஒரு கேள்வி. பதில் வந்தா கையெழுத்து. நாலு மணிக்கு முந்தி கண்டிக்குப் போயிரலாம்."

பின்சீட்டிலிருந்த யசோதினி வாயைத் திறந்தால் என்ன வரும் என்று பக்கத்திலிருந்த நுஹாவுக்குத் தெரியும். அதனால் ஒரு டொஃபியை உரித்து அவள் கையில் வைத்தாள். நுஹா மடவளைக்காரி, ஹென்றி சேரின் அரசாங்க அலுவலகத்துக்குப் படம் பிடிக்கிறவள். யசோதினி அதே அலுவலகத்தின் மொழிபெயர்ப்பாளர். இந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, இந்தத் தோட்டத்திலிருந்து முதன்முதல் பட்டம் வாங்கியவள். இந்த மலைக்கு வந்து தங்கிய ஊலரின் பேச்சு இந்த நாட்டில் ஒழுங்காகத் தெரிந்தது அவளுக்கும், அவள் அம்மாவுக்கும், அம்மாவோடு மலைக்குப் போகிற பதினாறு பெண்களுக்கும்தான். அந்தப் பெண்களை எந்த அலுவலகமும் கதிரை போட்டு உட்காரவைத்துக் கேட்டதில்லை.

ஊலர் வந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. வானத்திலிருந்து இறங்கியவர்களைப் பார்க்க முதல் மாதம் பேராதனையிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்தது. இப்போது பலாமரத்தைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தங்கள் பாட்டில் போகிறார்கள். தோட்டத்தில் அவர்களுக்கு 'வந்தவங்க' என்று பெயர். இருநூறு வருடமாக அந்தப் பெயரைச் சுமந்த தோட்டத்துச் சனங்கள், ஆள் கிடைத்ததும் கைமாற்றிவிட்டார்கள்.

ஊலர் தேயிலைச் செடிக்கு மேலே ஒரு முழம் உயரம். நாலு கால், இரண்டு கை. முன்பக்கம் வேலை பார்க்க இரண்டு சின்னக் கண். மற்றதெல்லாம் முதுகில்தான். பாய் விரித்தாற்போல அகன்று, பச்சை மயிர் படர்ந்த முதுகு. மழை வருவதும் மனுசர் வருவதும் அவர்களுக்கு அதில்தான் தெரியும். அந்த முதுகில் ஆளுக்கொரு பொதி, தூங்கும்போதும் இறங்காது.

இது புரியாமல்தான் முதல் நாளே எல்லாம் கோணலாகிப் போனது. ஏழாம் நம்பர் மலையில், பனி விலகாத காலை. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, கூடையை முதுகில் சாய்த்து, யசோதினியின் அம்மா நல்லம்மாவும் மற்றப் பெண்களும் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஊலர் பாதையோரம் ஒதுங்கி, வரிசையாக நின்று, முதுகைக் காட்டினார்கள். பொலிஸ்காரருக்கு அது திமிராகத் தெரிந்தது. பத்திரிகைக்காரர் ஒருவர் 'புறமுதுகு காட்டும் கோழைகள்' என்று கொட்டை எழுத்தில் போட்டார். நல்லம்மா மட்டும், "பாவம், கூச்சப்படுதுங்க," என்றாள்.

உண்மை மூன்று மாதம் கழித்துத்தான் வெளியானது. ஊலருக்கு முன்பக்கம் வேலைக்கும் விளையாட்டுக்கும். முதுகுதான் கோயில். அதில் சுமப்பதுதான் சாமி. ஒரு பிள்ளை பிறந்ததும், செத்துப்போன ஒருவரின் பொதியை மற்றவர்கள் அதன் முதுகில் ஏற்றிவிடுவார்கள். சாகும்வரை அது தரையைத் தொடக்கூடாது. முகம் பார்த்துப் பேசுவது வெறும் பேச்சு, அதில் பகிடியும் இருக்கலாம், பொய்யும் இருக்கலாம். சத்தியம் என்றால் மற்றவரின் முதுகில் விரல் முட்டியால் தட்டித்தான் சொல்ல வேண்டும். முதுகில் பொய் தட்டியவரின் பொதியை எந்தப் பிள்ளைக்கும் ஏற்றமாட்டார்கள். அவரோடு அவர் சாமியும் செத்துப்போகும். அதைவிடப் பெரிய நரகம் அவர்களிடம் இல்லை.

அப்படிப்பட்டவர்கள் கூடைக்காரிகளைக் கண்டால் முதுகு காட்டி நின்றார்கள். வாகனத்திலிருந்து வெறும் முதுகோடு இறங்குகிற பெரிய மனிதர்களைக் கண்டால் இரக்கப்பட்டார்கள். கமெரா பையை முதுகில் போட்டு வருகிற நுஹாவுக்கும் கொஞ்சம் மரியாதை உண்டு. "எங்கட ஊட்டுலயே எனக்கு இந்த மதிப்பு இல்ல," என்பாள் அவள்.

"இது ஒரு மயக்கம்," என்றார் ஹென்றி சேர், ஜீப் குலுங்கக் குலுங்க. "கூடைக்குள்ள சாமி இருக்குன்னு நினைச்சிட்டாங்க. இந்தப் பொம்பளைகளைப் பூசாரின்னு நினைச்சிட்டாங்க. உள்ள இருக்கிறது தேயிலைக் கொழுந்துன்னு அவங்ககிட்ட யாரும் சொல்லலை. யசோதினி மிஸ், நீங்க இன்னைக்கு முதுகுல தட்டிச் சொன்னா மயக்கம் தெளிஞ்சிரும். பிறகு இந்த மலையில அவங்களுக்கு என்ன இருக்கு?"

என்ன இருக்கு என்பதில்தான் எல்லாமே இருந்தது. அந்த மலை ஊலரின் வணக்கத்தலம் என்று அறிக்கை சொன்னால் அவர்களை யாரும் அசைக்க முடியாது. வெறும் மயக்கம் என்று சொன்னால், கம்பி வேலி போட்ட முகாம் ஒன்று வறண்ட காட்டில் தயாராக இருந்தது. ஏழாம் நம்பர் மலையை ஒரு ஹோட்டல்காரர் ஏற்கனவே இரண்டு தரம் வந்து அளந்துவிட்டுப் போயிருந்தார்.

யசோதினியின் கோபம் ஹென்றி சேர்மேல் என்று நுஹா நினைத்தாள். பாதிதான் சரி. மீதிக் கோபம் அவளுக்குத் தன்மேலேயே. ஏனென்றால் அந்த மனுசன் சொன்னதைத்தான் அவளும் ஆறு வருடமாக உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தாள். கண்டியில் ஒரு புடவைக்கடையில் அம்மா ஒரு சேலையைத் தொட்டுப் பார்த்ததற்கு, விற்கிறவன் அம்மாவின் கறை படிந்த விரலைத் தட்டிவிட்டான். அதே வாரம் மலையில் நாற்பது ஊலர் அம்மாவுக்கு வழிவிட்டு நின்றார்கள். பார்த்தவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த நொடியே, ஐயோ, தெரியாமல் செய்கிறார்களே, தெரிந்தால் நின்றுவிடுமே என்று சுருங்கியது. ஊலரின் பிறப்பு, இறப்பு, நோன்பு எல்லாவற்றையும் தோண்டித் தோண்டிக் கேட்டு எழுதியவள், இதை மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை.

மலையில் கொழுந்து நன்றாகத் துளிர்த்திருந்தது. நல்லம்மா செடி குத்தாமலிருக்க இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் கிள்ளிக் கிள்ளித் தோளுக்கு மேலால் கூடைக்குள் எறிந்துகொண்டிருந்தாள். மகள் வந்து விஷயத்தைச் சொன்னபோதும் கை நிற்கவில்லை.

"நீ என்னா சொல்லப் போற?"

"இவருக்கு என்னா தெரியும்மா. நான் எதையாச்சும் தட்டிட்டு எதையாச்சும் சொல்லிர்றேன். யாருக்கும் தெரியாது."

"ராசாத்தி முதுகுல பொய் தட்டுவியா?"

ராசாத்தி ஊலரில் ஒருத்தி. நாலு வருடத்துக்கு முந்தி சறுக்கலில் நல்லம்மாவின் கூடை சாய்ந்தபோது, அது தரையைத் தொடாமல் ஓடிவந்து தாங்கியவள். பெயர் நல்லம்மா வைத்தது.

யசோதினி தலை குனிந்தாள்.

"தட்டிப் பாரு, ஒன் படிப்புக்கு நான் வெளக்கமாத்த எடுக்குறேன். நான் என்னா, பூசாரின்னு சொல்லியா அதுங்ககிட்ட மரியாத வாங்குனேன்? கொழுந்துன்னு சொல்லு. தெரிஞ்சிக்கிட்டு வழி விட்டா விடட்டும். இல்லாட்டி சுத்திக்கிட்டுப் போறேன். இம்புட்டு வருஷம் சுத்தித்தானே போனேன்."

"அம்மா, இடம் போயிரும். அவங்கள அனுப்பிருவாங்க."

"அதுக்காக என்னைய வச்சி அதுங்கள ஏமாத்துவியா?" இப்போதுதான் கை நின்றது. "போ புள்ள. அந்தாளு வெயில்ல நிக்கிறாரு."

நுஹா கமெராவைத் தூக்கினாள். கூடைக்காரிகள் சுற்றி நின்றார்கள். ஹென்றி சேர் துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்திருந்ததை வாசித்தார். "இவர்கள் கூலிப் பெண்கள். கூடைக்குள் இருப்பது தேயிலை இலை. வேறொன்றும் இல்லை. அப்படியே சொல்லுங்க மிஸ். கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்."

யசோதினி ராசாத்தியின் முதுகில் கை வைத்தாள். சூடாக இருந்தது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஒரு சொல் விடாமல் தட்டினாள். கடைசித் தட்டு முடிந்ததும் கையை எடுக்கப் பயந்து அப்படியே வைத்திருந்தாள்.

முதுகின் மயிர் கீழிருந்து மேலாகச் சிலிர்த்தது. காற்றில் புல் சாய்வதுபோல ஒரு அலை, பிறகு இன்னொன்று. சுற்றி நின்ற ஊலர் முதுகுகளிலும் அதே அலை.

"கோபமா?" என்றார் ஹென்றி சேர், இரண்டு அடி பின்வாங்கி.

"சிரிக்கிறாங்க," என்றாள் நல்லம்மா.

ராசாத்தி திரும்பி, யசோதினியின் தோளைப் பிடித்துத் திருப்பி, அவள் முதுகில் தட்டத் தொடங்கினாள். தகரக் கூரையில் முதல் மழை விழுவதுபோல இருந்தது. விழ விழ யசோதினி அதைத் தமிழில் உரக்கச் சொன்னாள்.

"இலை என்று இரண்டாம் நாளே தெரியும். சிந்தியதைத் தின்று பார்த்தோம். கசந்தது."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

"எங்கள் பொதியை எங்களில் ஒருவரும் தானாக ஏற்றியதில்லை. மற்றவர்கள் ஏற்றினார்கள். இறக்கினால் மறுபடி எடுக்கமாட்டோம் என்ற பயத்தில் இறக்குவதே இல்லை. இவர்கள் மாலையில் இறக்கிவிட்டு வெறும் முதுகோடு கீழே போகிறார்கள். எல்லாம் முடிந்தது, இனி வரமாட்டார்கள் என்று முதல் நாள் நாங்கள் அழுதோம். விடிந்ததும் வந்தார்கள். தாங்களே ஏற்றிக்கொண்டார்கள். அப்படிச் செய்ய எங்களில் ஒருவருக்கும் தைரியம் இல்லை. அதை இந்த மலையில்தான் கண்டோம். அதனால் இங்கே நிற்கிறோம்."

'தாங்களே ஏற்றிக்கொண்டார்கள்' என்ற இடத்தில் யசோதினி அம்மாவைப் பார்த்தாள். மறுபடி அந்த வரியைச் சொன்னாள், முன்பைவிட உரக்க. குனிந்திருந்த அவள் முதுகு தானாக நிமிர்ந்தது.

ஹென்றி சேருக்கு வியர்த்தது. "அப்ப அவங்கட பொதிக்குள்ள என்ன இருக்குன்னு கேளுங்க."

கேட்டாள். பதில் சின்னதாக வந்தது.

"தெரியாது. பார்க்க வேண்டுமென்றால் இறக்க வேண்டுமே."

"மிஸ், இதெல்லாம் நீங்க சொந்தமாக் கட்டிச் சொல்லலைன்னு நான் எப்படி..."

"இங்க பதினேழு பேருக்கு இந்தப் பாஷை தெரியும் சேர்," என்றாள் யசோதினி. "ஆறு வருஷமாத் தெரியும். நீங்க கேட்கலை. இப்ப ஒவ்வொருத்தராக் கேளுங்க."

நுஹா கமெராவுக்குப் பின்னாலிருந்து, "எல்லாம் பதிவாகி ஈக்கி சேர். தட்டுன சத்தமும் ஈக்கி," என்றாள் மிகவும் மரியாதையாக.

நல்லம்மா ராசாத்தியைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டாள். "ரெண்டாம் நாளே தெரியுமா? தெரிஞ்சிக்கிட்டுத்தான் நின்னீங்களா? கள்ளிங்களா."

ஹென்றி சேர் கமெராவையும் பதினேழு பெண்களையும் பார்த்துவிட்டு, ஃபைலைத் திறந்து கடைசிப் பக்கத்துக்குப் போனார். பிறகு பேனாவை எடுத்து 'மயக்கம்' என்ற சொல்லை அடித்தார். மேலே 'வணக்கத்தலம்' என்று எழுதினார். எழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது.

கீழே மடுவக் கொட்டகையில் கொழுந்து நிறுக்கச் சங்கு ஊதியது. பெண்கள் கூடைகளைச் சரிசெய்துகொண்டு வரிசையாக இறங்கத் தொடங்கினார்கள். பாதை ஒரு கூடை அகலம். ஒரு பக்கம் தண்ணீர் ஓடும் கான், மறுபக்கம் மண்மேடு. ஊலர் அதற்குள் ஒதுங்கி முதுகு திருப்பியாயிற்று. நடுப்பாதையில் நின்றது ஹென்றி சேர் மட்டும்தான்.

"ஐயா, கொஞ்சம் ஒதுங்குங்க," என்றாள் நல்லம்மா. "கூடைங்க வருது."

அவர் கான் பக்கம் ஒரு காலை வைத்துப் பார்த்து எடுத்தார். வேறு வழியில்லை. மண்மேட்டோடு ஒட்டி, ஃபைலை நெஞ்சோடு அணைத்து, முகத்தைப் புல்லுக்குள் வைத்து, முதுகைப் பாதைக்குக் காட்டி நின்றார். பதினேழு கூடைகளும் அந்த முதுகை உரசிக்கொண்டு போயின. நல்லம்மா நடையை மாற்றவில்லை, அவசரப்படவும் இல்லை.

ராசாத்தி யசோதினியின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"என்ன சொல்லுது?" என்றார் ஹென்றி சேர், திரும்ப இடமில்லாமல் மண்மேட்டைப் பார்த்தபடி.

"இவரும் பழகிக்கொள்கிறார் என்குது சேர்," என்றாள் யசோதினி. "அதையும் எழுதிக்குங்க. முப்பத்தோராம் பக்கம்."