ஒரே காதில் இரண்டு சரவுண்டு

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் உண்டு. ஹெட்போனின் நிறம் சாம்பலா கறுப்பா, அவள் கோட்டை விட்டது மூன்று தடவையா நான்கா என்று கேட்டால் விழிப்பேன். அந்த வாரம் அவள் பட்ட பாடு மட்டும் மனதில் அப்படியே நிற்கிறது.

அவள் என் தோழி; கண்ணாடிக் கடையில் வேலை. புதுக் கண்ணாடியை வாடிக்கையாளரின் முகத்தில் மாட்டி, மூக்கில் அழுந்துகிறதா, காதுக்குப் பின்னால் உறுத்துகிறதா என்று பார்த்து, சூடு காட்டி வளைத்துக் கொடுப்பாள். அதிகம் பேசமாட்டாள். எதிரே இருப்பவர் புருவம் சுருங்குவதை வைத்தே எங்கே வலிக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவாள்.

அவளுடைய அக்கா இருந்தது இரண்டு நாள் பயண தூரத்தில். கல்யாணமாகிப் போன புதிதில் வாரம் ஒருமுறை போன் வரும். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், வேறென்ன, ஒன்றுமில்லை. இரண்டு நிமிடத்தில் பேச்சு வற்றிப்போகும். அத்தான்தான் இருவரையும் கணினி விளையாட்டுக்குள் இழுத்துவிட்டார். மூன்று பேர் கொண்ட அணி. பாழடைந்த கட்டடம் ஒன்றில் எதிரணியைத் தேடிச் சுட வேண்டும். ஞாயிறு காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் மதியம் வரை போகும். அதில் பாதி நேரம் காத்திருப்புதான். அக்காவும் தங்கையும் ஏதாவது ஓர் அறைச் சுவரோடு ஒட்டி நின்று, யாராவது வருகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள். மைக்கில் அக்காவின் மூச்சு மட்டும் கேட்கும். போனில் கிடைக்காத அக்கா அந்த மௌனத்தில் கிடைத்தாள். இதை அவள் அக்காவிடம் சொன்னதே இல்லை.

எதிரியின் காலடி முதலில் அவளுக்குத்தான் கேட்கும். அதனால் அணியில் அவளுக்குக் ‘காது’ என்றே பெயர். ஆனால் பழைய ஹெட்போன் ஒரு மணி நேரத்தில் தன் வேலையைக் காட்டிவிடும். அவள் போட்டிருக்கும் கண்ணாடியின் கால்களை மண்டையோடு சேர்த்து நெரிக்கும். ஊரார் காதுக்கெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தவளுக்குத் தன் காது புண்.

பதினாறு அணிகள் மோதும் போட்டி ஒன்றை அறிவித்தபோது, புதிது வாங்கப் போனாள். வாடிக்கையாளரிடம் தினமும் சொல்வதையே அங்கே தானும் செய்தாள். ஒவ்வொரு ஹெட்போனையும் கண்ணாடியோடு சேர்த்து மாட்டிக்கொண்டு கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தாள். விற்பவர் ஒருமுறை வந்து, பாட்டு எதுவும் போடவில்லையே என்று கேட்டார். பாட்டு வேண்டாம், எங்கே வலிக்கிறது என்றுதான் பார்க்கிறேன் என்றாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். தோல் மெத்தையில் காது வியர்த்தது, தள்ளினாள். இன்னொன்று கனத்தது, தள்ளினாள். கடைசியில் துணி மெத்தை வைத்த, காது முழுவதும் உள்ளே அடங்குகிற ஒன்று அமைந்தது. வீட்டில் இரண்டு நாள் அதைப் புத்தக அடுக்கின்மேல் விரித்து வைத்து இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தினாள். பிறகு தலையில் ஒன்று இருப்பதே தெரியவில்லை. பெட்டியில் சரவுண்டு ஒலி, சுற்றிலுமிருந்து கேட்கும் என்று பெரிதாகப் போட்டிருந்ததால், அதற்கான மென்பொருளையும் ஏற்றி, அந்தச் சுவிட்சையும் தட்டிவிட்டாள்.

அன்று முதல் எல்லாம் கோணலாயிற்று. இடது பக்கம் என்று அவள் கத்தினால் எதிரி பின்னாலிருந்து வந்தான். மாடியில் என்றால் படிக்கட்டில் நின்றான். இரண்டு முறை அத்தானை நேராகச் சாவின் வாய்க்குள் அனுப்பினாள். ஒலி என்னவோ பிரமாதமாகத்தான் இருந்தது; பெரிய மண்டபத்துக்குள் நிற்பதுபோல. எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் பிடிபடவில்லை.

“ரொம்ப சொகுசா இருக்கோ, தூங்கிட்டியாடி?” என்றாள் அக்கா.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். கால் இறுதியில் தட்டுத் தடுமாறி ஜெயித்த பிறகு சிரிப்பு நின்றது. வெள்ளிக்கிழமை அக்கா போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை அரையிறுதிக்கு அத்தானின் அலுவலக நண்பரைச் சேர்த்துக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். விளையாட்டில் அவருக்கு ‘மின்னல்’ என்று பெயராம். இந்த ஒரு வாரம்தான், நீ ஓய்வெடு என்றாள். சரி என்றாள் இவள். வேறென்ன சொல்வது? மின்னல் வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அதற்கப்புறம் மறுபடி சாப்பிட்டாயா, சாப்பிட்டேன்தான்.

சனிக்கிழமை காலை கடைக்குள் வங்கியில் வேலை பார்க்கும் ஓர் அம்மாள் படபடவென்று வந்தார். நேற்று வாங்கிய கண்ணாடியில் எல்லாமே மங்கலாகத் தெரிகிறது, பவர் மாறிப்போய்விட்டது, தலை சுற்றுகிறது என்று பொரிந்து தள்ளினார். முதலாளி மருத்துவரின் சீட்டை எடுத்துச் சரிபார்த்தார். பவரில் பிழையில்லை. இவள் அந்த அம்மாளின் முகத்தை விளக்கருகில் சாய்த்துக் கண்ணைப் பார்த்தாள். கருவிழியைச் சுற்றி மெல்லிய வளையம் ஒன்று மின்னியது.

“மேடம், கண்ணுக்குள்ள கான்டாக்ட் லென்ஸ் இருக்கு. அதுக்கு மேல கண்ணாடியும் போட்டிருக்கீங்க.”

அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். முதலாளியும் சிரித்தார். இவள் சிரிக்கவில்லை. ஒரு முறை திருத்திய பார்வையை இன்னொரு முறை திருத்தினால் கெட்டுத்தானே போகும் என்று அந்த அம்மாளுக்கு விளக்கத் தொடங்கியவள், பாதியில் நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடினாள். விளையாட்டின் செட்டிங்ஸைத் திறந்தாள். சந்தேகப்பட்டது சரி. ஹெட்போனில் கேட்பவர்களுக்காக ஒலியை முன், பின், மேல், கீழ் என்று விளையாட்டே பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. பிரித்ததை ஹெட்போனின் சரவுண்டு வாங்கி, மறுபடி பிரித்துக் குழப்பியிருந்தது. ஹெட்போனின் சுவிட்சை அணைத்தாள்.

உடனே அக்காவை அழைத்து, ஒரே ஒரு சோதனை வைக்கச் சொல்லிக் கேட்டாள். வாழ்க்கையில் அவள் அக்காவிடம் எதையும் கேட்டு வாங்கியவள் அல்ல. ஆட்டம் நாளைக்கு, இனிமேல் எதற்கு என்று அக்கா இழுத்தாள். பிறகு அத்தான் போனை வாங்கி, சரி என்றார். ஆளில்லாத கட்டடத்தில் அவளை நடுவில் நிறுத்திவிட்டு, அவர் சுற்றிச் சுற்றி நடப்பார். அவள் கண்ணை மூடிக்கொண்டு பக்கம் சொல்ல வேண்டும்.

வலது என்றாள். சரி. பின்னால், தூரத்தில் என்றாள். சரி. அத்தான் மாடியேறிப் பதுங்கிப் பதுங்கி நடந்தார். தலைக்கு நேர் மேலே, ஜன்னல் பக்கம் போகிறீர்கள் என்றாள். பத்துக்குப் பத்து. அத்தான் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கட்டுமா என்று கேட்டார். விளையாட்டில் செருப்பு ஏது என்று அக்கா அதட்டினாள்.

என்னதான் செய்தாய் என்று அக்கா கேட்டதற்கு இவள் விஷயத்தைச் சொன்னாள். கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

“மின்னலுக்கு நானே சொல்லிக்கிறேன்” என்றாள் அக்கா. “நீ பத்து மணிக்கு வந்துடு. எனக்கு அந்த ஆளோட சும்மா நிக்கத் தெரியாதுடி.”

அரையிறுதியில் ஜெயித்தார்கள், இறுதி ஆட்டத்தில் நன்றாகவே உதை வாங்கினார்கள். மின்னல் தனியாக ஓர் அணி சேர்த்தார், அதுவும் தோற்றது. வங்கி ஊழியர் இப்போது லென்ஸ் மட்டும் போடுகிறார். அத்தான் விளையாட்டு அலுத்துப்போய்த் தோட்டம் போடுகிறார். அக்காவும் தங்கையும் ஞாயிற்றுக்கிழமைகளில் இருவராகவே விளையாடுகிறார்கள், பெரும்பாலும் தோற்கிறார்கள்.